கரண்ட் போனாலும் அணையாத காந்தம்: டர்பனில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகுமுன்

லோட் ஷெடிங்கில் டர்பன் பாதி இருண்டு கிடந்தாலும் எம்.ஆர்.ஐ. அறையின் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதன் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளி மின்சாரம் இல்லாமலே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். பரவலாக உள்ள இயந்திரங்களின் வலிமை 1.5 டெஸ்லா, இது பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் அதிகம். "ஸ்கேன்தான் இன்னும் தொடங்கவில்லையே" என்று சாவிக்கொத்தோடு உள்ளே கால் வைப்பதுகூட ஆபத்து.

அதனால்தான் வாசலில் தரும் கேள்வித்தாள் அவ்வளவு நீளமாக இருக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், காது கேட்க உள்ளே பொருத்திய காக்ளியர் இம்ப்ளாண்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் ஏதாவது இருந்தால், அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். புதிய பேஸ்மேக்கர்கள் பலவற்றை ஸ்கேனுக்கு முன் தக்கபடி மாற்றி அமைக்க முடியும். மாடல் தெரியாமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள். பட்டறையிலோ சர்க்கரை ஆலையிலோ கிரைண்டர், வெல்டிங் வேலை பார்த்தவர்கள் அதை மறைக்கவே கூடாது. கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள் பல ஆண்டுகள் வலியில்லாமல் இருந்துவிட்டு, காந்தம் இழுக்கும்போது நகர்ந்து பார்வையைப் பறிக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்தி எடுத்தவர்களுக்குத் தடையில்லை. ஊசி முனை உடைந்து உள்ளே நின்றிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

நம் பெண்கள் தயங்கும் இடம் தாலி. தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் ஸ்கேன் அனுப்பும் ரேடியோ அலை உலோகத்தைச் சூடாக்கும். கழுத்துப் படமும் கெடும். முதல் நாளே மஞ்சள் கிழங்கு கட்டிய நூல் கயிற்றுக்கு மாறிக்கொண்டால் வெறுங்கழுத்தோடு போக வேண்டியதில்லை. இறுகிப்போன மெட்டியையும் மூக்குத்தியையும் வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிவிடுங்கள். தகடு வைத்த தாயத்து, ஜரிகைத் துணி, ஹேர்பின், கண்மை எதுவும் வேண்டாம். கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் பற்றியும், தோலில் ஒட்டிய மருந்துப் பட்டை பற்றியும் முன்பே கேளுங்கள். பல வகைகளைக் கழற்றச் சொல்வார்கள்.

வயிற்று ஸ்கேனுக்கும் மயக்க மருந்து தருவதற்கும்தான் பொதுவாகப் பட்டினி கேட்பார்கள். மற்றபடி சாப்பாடு, பிரஷர் மாத்திரை எல்லாம் வழக்கம்போல. தனியார் மருத்துவமனை என்றால் மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) முன் அனுமதியை வாங்கி வையுங்கள்.

படுக்கை நகர்ந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் போகும். உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை ரேடியோ அலை தட்டிவிடும். அது திருப்பி அனுப்பும் மெல்லிய சமிக்ஞையிலிருந்து கணினி படம் கட்டும். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. அந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வந்தது என்று அறிய, வேறு சுருள்களில் மின்னோட்டத்தை வேகமாக மாற்றுவார்கள். பெரிய காந்தத்துக்குள் அவை அதிர்வதுதான் அந்தத் தடதட சத்தம். 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பானைக் காதுக்குள் சரியாகச் செருகிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் பல தொடர்களாக நடக்கும். ஒவ்வொரு தொடரும் சில நிமிடம் ஓடும், மொத்தம் 20 முதல் 45 நிமிடம். ஒரு தொடரின் முழு நேரத் தகவலும் சேர்ந்துதான் படமாகிறது. நடுவில் ஒரு இருமல் வந்தால் அந்தத் தொடர் முழுவதும் மங்கிப்போகும். இருமலோ அரிப்போ இருந்தால் சத்தம் நிற்கும் இடைவெளியில் முடித்துக்கொள்ளுங்கள். கைகளைக் கோத்துக்கொள்ளவோ கால்மேல் கால் போடவோ வேண்டாம்: தோலோடு தோல் தொட்டு வளையமானால் அதில் மின்னோட்டம் ஓடிச் சுடும். உடம்பு லேசாக வெதுவெதுப்பாவது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் சுட்டால், பொறுத்துக்கொள்ளாமல் கையில் தந்த ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள்.

சிலருக்குப் படம் தெளிவாகத் தெரிய நரம்பில் கடோலினியம் என்ற மருந்தை ஊசியாகப் போடுவார்கள். அதன் பல வகைகளில் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிலிட்டர்; 70 கிலோ ஆளுக்கு 14 மில்லிலிட்டர். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லியே ஆக வேண்டும், வகையைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்தது. குழாயைக் கண்டாலே மூச்சுமுட்டும் என்பவர்களுக்கு மயக்க மாத்திரை உண்டு. அன்று வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டிப்போங்கள். படம் எப்படி என்று ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபரைக் கேட்டால் சொல்லமாட்டார். படத்தைப் பார்த்து ஆராயும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் எழுதும் அறிக்கை உங்களை அனுப்பிய டாக்டருக்குத்தான் போகும்.