லெவல்: நிலையா, மட்டமா, படியா?

சென்ற வாரம் ஒரு காணொளி பார்த்தேன். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோலுக்கான ஜப்பானிய மாயாஜால விளையாட்டு ஒன்றை ஓர் இளைஞர் தமிழில் விளக்குகிறார். தெளிவான உச்சரிப்பு, மெனக்கெட்டிருக்கிறார், குறை சொல்லவே மனம் வரவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் வந்தது வினை: "நம் வீரன் பத்தாம் நிலைக்கு வந்ததும் குகையின் மூன்றாம் நிலைக்கு இறங்கலாம். அங்கே நஞ்சு பட்டால் அவன் நிலை மாறிவிடும். உடனே நிலைத் திரையைத் திறந்து பாருங்கள்."

ஒரே மூச்சில் நான்கு நிலை. முதலாவது லெவல், அதாவது வீரன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று காட்டும் எண்; இரண்டாவது குகையின் அடுக்கு, மூன்றாவது உடம்பின் கதி, நான்காவது ஸ்டேட்டஸ், அதாவது வீரனின் விவரங்களைக் காட்டும் திரை. விளையாட்டைத் தெரிந்த எனக்கே ஒருமுறை பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

லெவல் என்ற சொல்லின் வரலாறு சிறிதுதான். தராசுக்கு இலத்தீனில் லிப்ரா. அதன் சிறு வடிவம் லிபெல்லா, கொத்தனார் தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் லெவல் ஆயிற்று. கருவியின் பெயர் சமதளத்துக்கு ஆகி, பிறகு உயரத்துக்கு ஆகி, கடைசியில் தகுதிக்கும் ஆகிவிட்டது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

விளையாட்டுக்குள் இச்சொல் நுழைந்தது 1974இல், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியாக. காகிதமும் பகடையும் வைத்து மேசையில் ஆடுவது அது. வேடிக்கை என்னவென்றால், குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு லெவல், மந்திரத்துக்கு லெவல், அரக்கனுக்கு லெவல், நிலவறை அடுக்குக்கும் லெவல். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் இதை ஒப்புக்கொள்கிறார். நான்குக்கும் நான்கு பெயர் வைக்க யோசித்ததாகவும், பழகிப்போன காரணத்தால் ஒரே சொல்லை விட்டுவைத்ததாகவும் எழுதுகிறார். அவர்களுக்குப் பழக்கம் ஒரு சாக்கு. நமக்கு என்ன சாக்கு? நாம் இப்போதுதானே பெயர் வைக்கிறோம்! அடுத்தவர் வீட்டு ஒழுகலை ஓட்டோடு பெயர்த்து வந்து நம் கூரையில் வேய்வானேன்?

'நிலை' அழகான சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. நில் என்ற வினையில் பிறந்தது. நிற்பதுதான் அதன் உயிர். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்றால் ஓட்டம் முடிந்தது, வடத்தைச் சுருட்டலாம் என்று பொருள். வாசலில் நாட்டிய நிலை அசையக் கூடாது. நிலைத்தது என்றால் மாறாதது. இந்தச் சொல்லைப் போய், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மேலே மேலே போகிற ஒன்றுக்கு வைக்கிறார்கள். 'நிலை உயர்வு' என்று கேட்டால் எனக்குப் பதவி உயர்வு ஆணைதான் நினைவுக்கு வருகிறது. அரக்கனை வெட்டிச் சாய்த்தவன் அரசாணை வாங்கிக்கொண்டு போகிறான்.

இது அந்த இளைஞர் தலையில் மட்டும் போட வேண்டிய பழி அல்ல. மென்பொருள் மொழிபெயர்ப்புப் பட்டியல்களைப் பாருங்கள். ஸ்டேட், ஸ்டேட்டஸ், ஸ்டேஜ், மோட், பொசிஷன், கண்டிஷன் எல்லாவற்றுக்கும் 'நிலை' எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரிதான். பட்டியலில் வரிசையாகப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளருக்கு அவை ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று தோன்றுவதில்லை. தான் பெயர்த்ததை ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஜப்பானியர் என்ன செய்தார்கள்? 1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனம் ஃபாமிகாம் கன்சோலுக்கு டிராகன் குவெஸ்ட் விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் யூஜி ஹோரி. அமெரிக்கக் கணினிகளில் ஓடிய விசார்ட்ரி, அல்டிமா இரண்டையும் ஆடி மயங்கியவர், அதையே சிறுபிள்ளைக்கும் புரியும்படி செய்ய நினைத்தார். மொத்த விளையாட்டும் 64 கிலோபைட்டில் அடங்க வேண்டும். அயல்சொற்களை எழுதும் கத்தகானா எழுத்துகளில் 20க்கு மட்டுமே இடம் ஒதுக்கினார்கள். அதனாலும், ஹோரியின் மனப்போக்காலும், கட்டளைப் பட்டியல் வீட்டுப் பேச்சாக அமைந்தது. பேசு, தேடு, எடு, கதவு. ஸ்டேட்டஸுக்கு அவர் போட்ட சொல் 'த்சுயோசா', அதாவது வலிமை. படிக்கட்டில் ஏறி இறங்க 'கைதான்', அதாவது படிக்கட்டு, என்றே ஒரு கட்டளை இருந்தது.

ஆனால் லெவலை மட்டும் அவர் மாற்றவில்லை. 'ரெபெரு' என்றே வைத்தார். கூடச் சேர்த்த வினைதான் முக்கியம்: 'அகத்தா', ஏறியது. படிக்கட்டில் ஏறுவதற்கும் ஜப்பானியர் சொல்லும் வினை அதுவே. ஸ்லைம் என்னும் மிக எளிய அரக்கனைக் கொன்றால் ஓர் அனுபவப் புள்ளி. ஏழு சேர்ந்தால் இரண்டாம் லெவல். சின்ன எக்காளம் ஒன்று முழங்கும். மூன்றில் காயம் ஆற்றும் ஹோய்மி மந்திரம், நான்கில் நெருப்பு மந்திரம் கிரா. முப்பதோடு முடிந்தது. ஒவ்வோர் எண்ணும் கால் வைத்து ஏறியது. அங்கே யாரும் நிற்கவில்லை.

தூய தமிழ் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மட்டம் என்று சொல்" என்றார். வேரைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கொத்தனார் கையில் இருப்பது ரசமட்டம். லிபெல்லாவுக்கு இதைவிட நேரான தமிழ் கிடையாது. நீர்மட்டம், கடல்மட்டம் என்று உயரத்துக்கும் சொல்கிறோம். ஆனால் வேரைப் பார்த்து மட்டும் பெயர் வைக்க முடியுமா? "என் வீரன் மட்டம்" என்றால் யார் காதிலும் அது வசவாகவே விழும். பள்ளிக்கு மட்டம் போடுவது வேறு இருக்கிறது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகம் வந்த நாள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசல்களில் வரிசையில் நின்றார்கள், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். மட்டம் என்ற சொல்லுக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள மெய்யான உறவு அவ்வளவுதான்.

இலங்கைத் தமிழர் வேறொன்று வைத்திருக்கிறார்கள். ஓ லெவலுக்குச் சாதாரண தரம், ஏ லெவலுக்கு உயர்தரம். பள்ளி வகுப்பும் தரம்தான், தரம் 5, தரம் 8. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு "தரம் 12 வீரன்" உறுத்தாமல் போகலாம். தமிழ்நாட்டிலோ தரம் என்றால் பருப்பின் தரம், துணியின் தரம். எண்ணோடு ஒட்டாது.

நான் சொல்வது 'படி'. 12ஆம் படி, படியேற்றம், படியேறினான். எண்ணோடு சேரும், ஏறு என்ற வினையோடு பிறந்ததிலிருந்தே சேரும், பதினெட்டாம்படி கேட்ட காதுக்கு விளக்கமே வேண்டாம். புத்தகம் படி, அகவிலைப்படி, அரிசி அளக்கும் படி என்று இதற்கும் பல பொருள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் ஒரே திரையில் அகவிலைப்படி வந்து நிற்காது. 'நிலை' நான்கும் வந்து நின்றன.

டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது. 20ஆம் லெவலைத் தொட்டவர்கள் தாமா கோயிலுக்குப் போய்த் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். போர்வீரன் மந்திரவாதியாவான். லெவல் ஒன்றுக்குத் திரும்பும். வலிமையில் பாதி கூடவே வரும், கற்ற மந்திரங்களும் போகா. இதை "முதல் நிலைக்குத் தாழ்ந்தான்" என்று எழுதினால் தண்டனை போலிருக்கிறது. "முதற்படியிலிருந்து மறுபடி ஏறுகிறான்" என்றால் நடப்பது அப்படியே வந்துவிடுகிறது. 'நிலை'யை நஞ்சுக்கும் உறக்கத்துக்கும் விட்டுவிடலாம். குகையின் அடுக்குக்குத் தளம் இருக்கிறது.

லெவல் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், தாராளமாக. "வேற லெவல்" என்பதை நான் எந்தக் காலத்திலும் "வேறு படி" ஆக்கப் போவதில்லை. அயல்சொல்லை அயல்சொல்லாகப் பேசுகிறவனோடு எனக்கு வழக்கே இல்லை. தமிழாக்குகிறேன் என்று கிளம்பி, இருந்த தெளிவையும் தொலைக்கிறவர்களோடுதான்.

அக்கா மகனிடம் சோதித்துப் பார்த்தேன். முதல் பாகத்தில் கோட்டைக்குப் போய் அரசரைக் கண்டால், அடுத்த லெவலுக்கு எத்தனை புள்ளி பாக்கி என்று சொல்வார். "அடுத்த படிக்கு இன்னும் ஏழு புள்ளி வேண்டும்" என்று அரசர் குரலில் படித்துக் காட்டினேன்.

"எந்தப் படி மாமா? கோட்டையிலிருந்து கீழே இறங்குற படியா?"

அதற்கு வேறு கட்டளை இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.