பலகையை மாற்றும் முன் பில் புத்தகம்

ஆடிட்டரிடம் வரும் சிறுதொழில் முதலாளிகள் வரியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, எழுந்து செருப்பைத் தேடும்போதுதான் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள்: "இதையே பார்த்துக்கொண்டிருக்கட்டுமா சார், இல்லை வேறு எதற்காவது மாறிவிடட்டுமா?"

சென்ற ஆண்டு அப்படிக் கேட்டவர் அச்சகம் நடத்துபவர். டி-ஷர்ட்டில் படம் அச்சடித்து இணையத்தில் விற்பதென்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தார். ஓராண்டு பில் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னேன். திரும்ப வந்த பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டோம். நோட்டீஸ், விசிட்டிங் கார்டு பக்கங்களில் வட்டமே விழவில்லை, பேரமும் பாக்கியும்தான். போனால் போகிறதென்று செய்துவந்த மருந்துப் புட்டி லேபிளில் மட்டும் ஏழு பெயர்கள், மாதம் தவறாமல். அவருக்கே அது தெரியாது. லேபிள் வேலையை மிஷின்காரர் பார்த்துக்கொள்வாராம்.

1891இல் சிகாகோவில் சோப்பு விற்க இறங்கிய வில்லியம் ரிக்லி, கடைக்காரர்களுக்கு பேக்கிங் பவுடரை இனாமாகக் கொடுத்தார். சோப்பைவிட இனாமுக்கே கிராக்கி. பவுடரையே விற்கத் தொடங்கி, அதற்கு இனாமாகச் சூயிங் கம் கொடுத்தார். கடைசியில் கம்தான் நிலைத்தது. இரண்டு முறையும் அவர் மாறியது, வாங்குகிறவர்கள் ஏற்கெனவே கைநீட்டிக் கேட்ட சரக்குக்கு.

நான் பார்த்தவரை, பல மாற்றங்களுக்குக் காரணம் சந்தை அல்ல, சலிப்பு. வாடிக்கையாளருக்கு அலுக்கும் முன்பே முதலாளிக்கு அலுத்துவிடுகிறது. (கணக்கு முடிக்கும் மாதங்களில் எனக்கும் வேறு தொழில் நினைவு வரும்.) அதற்காக எல்லாப் பிடிவாதத்தையும் கவனம் என்று சொல்லிவிட முடியாது. மாதக்கணக்கில் சொந்தச் சேமிப்பை எடுத்து வாடகை கட்டுகிறவரிடம் நானே நிறுத்தச் சொல்வேன்.

மாறுகிறவர்கள் புது மிஷினின் விலையைச் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள். பழைய பாக்கியைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதலாளியின் மனம் புதியதில் இருக்கும்போது வசூலுக்குப் போன் செய்ய ஆள் இல்லை; முப்பது நாளில் வந்த பணம் எழுபது நாளாகிறது. சம்பளமும் வாடகையும் மட்டும் தேதி தவறுவதில்லை.

அச்சகக்காரர் டி-ஷர்ட் ஆசையை விடவில்லை. எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். தொகையை உடனே எழுதினார். தேதிக்குத்தான் பேனா நெடுநேரம் நின்றது. அந்தத் தாள் இப்போது லேபிள் மிஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.