கீழ்விரிபட்டி: விரிகிறதா, விரிக்கிறோமா?

டிராப் டவுன் மெனுவுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ‘கீழ்விரிபட்டி’ என்பேன். தளத்தின் உச்சியில் ‘சேவைகள்’ என்று ஒரு சொல் நிற்கும். அதைத் தொட்டதும் அடியில் பத்துப் பதினைந்து இணைப்புகள் விரியுமே, அதுதான்.

மெனு பிரெஞ்சுச் சொல். சிறியது, நுணுக்கமானது என்று பொருள். லத்தீனின் ‘மினூட்டஸ்’ அதற்கு மூலம். நாம் மணி பார்த்துச் சொல்லும் ‘மினிட்’டும் அதே வேரில் கிளைத்ததுதான். விருந்துப் பதார்த்தங்களை ஒன்றுவிடாமல் நுணுக்கி எழுதிய பட்டியல் மெனு ஆயிற்று. ஓட்டலிலிருந்து அதைக் கணினி எடுத்துக்கொண்டது.

டிராப் டவுனுக்கு மூத்தது புல் டவுன், அதாவது கீழே இழுக்கும் மெனு. ஆப்பிளின் லிசா (1983), மெக்கின்டாஷ் (1984) கணினிகளில் மவுஸ் பொத்தானை அழுத்தியபடியே கீழே இழுத்துவந்து, வேண்டிய வரியில் விரலை எடுக்க வேண்டும். விரலை எடுத்தால் மெனு மூடிக்கொள்ளும். ஆகவே அது நிஜமாகவே இழுவைதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பட்டி’ சிலருக்குப் பிடிப்பதில்லை, ஆட்டுப்பட்டி நினைவுக்கு வருகிறதாம். (சுவருக்குப் பட்டி பார்ப்பது வேறு, அது ஆங்கிலப் ‘புட்டி’.) எனக்கோ ஆட்டுப்பட்டிதான் பொருத்தமாகப் படுகிறது. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் அடைத்துப் படல் சாத்துவதுதானே இங்கேயும் நடக்கிறது? ஒரே வித்தியாசம், ஆடுகள் வேலி இடுக்கில் தெரியும். இந்தப் பட்டியிலோ படலைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. ‘மற்றவை’ என்று பெயரிட்டு அடைத்துவைத்த பக்கத்தை யார் தேடிப் போவார்கள்?

‘விரி’ இன்னும் சுவையானது. பூ விரிந்தது என்றால் தன்வினை, பாயை விரித்தான் என்றால் பிறவினை. இரண்டுக்கும் அடி ஒன்றே. தளங்களிலும் இரண்டு வகையும் உண்டு. மவுஸ் முனை மேலே பட்டாலே சில பட்டிகள் விரிந்துவிடும். சிலவற்றை நாம் சொடுக்கி விரிக்க வேண்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு.

தானே விரியும் பட்டியில் உள்பட்டி ஒன்று பக்கவாட்டில் திறக்கும். அதை நோக்கிக் கை குறுக்காகத்தான் போகும், அதுதான் இயல்பு. வழியில் பக்கத்து வரியைத் தொட்டுவிட்டால் போச்சு, திறந்தது மூடி வேறொன்று திறக்கும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது பெரும் சோதனை. கைபேசியிலோ மேலே நிறுத்திவைக்க மவுஸ் முனையே கிடையாது. தொட்டால் பட்டி விரியுமா, வேறு பக்கத்துக்குப் போகுமா என்று தொடுகிறவருக்கே தெரியாது.

இணையத்துக்குத் தரங்கள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. முனை பட்டு விரிவதை, முனையை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும். விரிந்ததன் மேல் முனையைக் கொண்டுபோனால் அது மறையக் கூடாது. நாமாக விலகும்வரை நிற்க வேண்டும். அப்புறம், மொத்தமே ஐந்தாறு இணைப்புகள் என்றால் பட்டி எதற்கு? வெளியிலேயே வரிசையாக எழுதிவிடலாம்.

எழுதும்போது ஒன்று: ‘விரிபட்டி’ வினைத்தொகை, அதனால் நடுவில் ‘ப்’ மிகாது. ‘விரிப்பட்டி’ என்று எழுதினால் எனக்கு ஜமக்காளம்தான் கண்ணில் படுகிறது.