எரிந்த மலையில் பீலித் தண்ணீர் ஏன் சீக்கிரம் வற்றுகிறது?

ஆடி, ஆவணியில் இலங்கை மலையகத்தின் ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். அதே காற்று முகட்டைத் தாண்டி ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது ஈரம் போய்விடும். பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பக்கத்து மானாப்புல் சருகாகிக் கிடக்கும். அப்புறம் ஒரு தீக்குச்சி போதும். இங்கே காடு தானாகப் பற்றுவது அரிது. மாடு மேய இளம்புல் வேண்டுமென்று தீ வைப்பார்கள், வேட்டைக்கு வைப்பார்கள், சும்மாவும் வைப்பார்கள்.

மழையில்லாத மாதங்களில் ஓடையில் வருவது எந்த நீர்? முந்தைய பருவத்தில் மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, மெல்லக் கசியும் நீர். தோட்டக் குடியிருப்பான லயத்தின் பீலியில், அதாவது ஊற்றுநீர் வந்து விழும் குழாயில், விழுவதும் அதுதான். வறட்சி நீண்டால் அந்த இருப்பு குறையும். பிறகு வரும் முதல் மழைக்கு ஆறு அசையாது. காய்ந்த மண்ணே எல்லாவற்றையும் குடித்துவிடும்.

தீ செய்வது வேறு. செடிகொடி கருகியபின் வேர்வழி நீரை உறிஞ்சி இலைவழி வெளியேற்ற எதுவும் இல்லை. அதனால் எரிந்த கொஞ்ச நாளைக்கு ஓடையில் நீர் கூடவும் செய்யலாம். அதை நம்பி ஏமாறக் கூடாது.

பைன் தோப்பு எரிந்த இடத்தில் சாம்பலை விரலால் ஒதுக்கி, அடியிலுள்ள மண்ணில் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பல இடங்களில் அது உள்ளே இறங்காமல், சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கும். சருகிலிருந்த மெழுகும் பிசினும் சூட்டில் ஆவியாகி, சில சென்டிமீட்டர் கீழே குளிர்ந்து மண்துகள்மேல் படிந்திருப்பதே காரணம். புல் எரிகிற தீ வேகமாகக் கடந்துவிடும், சூடு ஆழத்துக்குப் போகாது. ஆனால் போர்வையாகக் கிடந்த சருகு போய்விடுவதால் மழைத்துளி நேரே மண்ணில் அறைகிறது. சிதறும் நுண்மண் துளைகளை அடைக்க, மேற்பரப்பு இறுகிவிடுகிறது.

சரி, இந்த நிலையில் ஐப்பசியின் பின்னேர இடிமழை வந்தால்? மாதக்கணக்கில் கசிய வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கான் (வடிகால்) நிரம்பி, சாம்பலும் மண்ணுமாகக் கறுத்து ஆற்றில் இறங்கிவிடும். வெள்ளம் பெரிதாகும், நிலத்தடி இருப்பு சிறுக்கும். அடுத்த ஆண்டு மழைமானி வழக்கமான அளவைக் காட்டினாலும் பீலி முன்னதாகவே மெலிந்துவிடலாம்.

அடித்துச்செல்லப்படும் மண் நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேரும். உமா ஓயா ஆறு கொண்டுவரும் வண்டலால் ரந்தெனிகலைக்குக் கீழேயுள்ள ரந்தம்பை நீர்த்தேக்கம் வெகுவாகத் தூர்ந்திருக்கிறது. வெலிமடைப் பக்கத்து மரக்கறிச் செய்கைக்கும் இதில் பெரும் பங்குண்டு. எல்லாப் பழியையும் தீயின் தலையில் கட்ட முடியாது.

மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண்களுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் கணக்கே வேறு. அங்குள்ள மரங்கள் இலையிலும் பாசியிலும் மூடுபனியைப் பிடித்துச் சொட்டவைக்கின்றன. மழைமானியில் ஏறாத இந்த நீரும் ஓடைக்குப் போகிறது. எரிந்த புல் அடுத்த மழையோடு தளிர்த்துவிடும். பனி பிடிக்கும் பாசி மூடிய மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.