காங்கிரஸ்மேன்: லிங்கன் எந்த காங்கிரஸில் இருந்தார்?

‘ஆபிரகாம் லிங்கன் 1846-இல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.’ தமிழில் இப்படி ஒரு வரியைப் படித்தால் கதர்ச் சட்டையும் கை ராட்டையும் கண்முன் ஒரு நொடி வந்துபோகத்தான் செய்யும். நம்மைக் குறை சொல்ல முடியாது. 1885-க்குப் பிறகு பிறந்த எந்தத் தமிழனுக்கும் காங்கிரஸ் என்றால் முதலில் கட்சிதான், காங்கிரஸ்காரர் என்றால் கட்சிக்காரர்தான். லிங்கனோ அப்போது விக் என்ற கட்சியில் இருந்தார். அவர் போய் உட்கார்ந்த காங்கிரஸ், அமெரிக்க நாடாளுமன்றம்.

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘காங்கிரஸ்மேன்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘காங்கிரஸ்காரர்’ என்று மாற்றியிருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். குடியரசுக் கட்சிக்காரரை ஒரே வார்த்தையில் கட்சி மாற்றிவிட்டார்கள்!

முதலில் பொருள். அமெரிக்க காங்கிரஸுக்கு இரண்டு அவைகள். ஒன்று செனட்: மாநிலத்துக்கு 2 பேர் என்று 50 மாநிலங்களுக்கும் சேர்த்து 100 உறுப்பினர்கள், பதவிக்காலம் 6 ஆண்டு. இன்னொன்று பிரதிநிதிகள் சபை: மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்த தொகுதிகளிலிருந்து 435 பேர், பதவிக்காலம் வெறும் 2 ஆண்டு. சட்டப்படி பார்த்தால் இந்த இரண்டு அவையினருமே காங்கிரஸ் உறுப்பினர்கள். ஆனால் பேச்சு வழக்கில் காங்கிரஸ்மேன் என்றால் பிரதிநிதிகள் சபைக்காரர் மட்டும்தான். செனட்டர்களுக்கு ‘செனட்டர்’ என்ற மிடுக்கான பட்டம் இருக்கும்போது அவர்கள் ஏன் இதைச் சுமக்கப்போகிறார்கள்? அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘காங்கிரஸ்மேன்’ என்ற சொல் கிடையாது. அங்கே இருப்பது ‘ரெப்ரசென்டேட்டிவ்’, அதாவது பிரதிநிதி. மக்கள் வாயில் புழங்கி நிலைத்த பெயர்தான் காங்கிரஸ்மேன்.

வேருக்குப் போனால் லத்தீன். ‘கொன்’ என்றால் உடன், சேர்ந்து. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். இரண்டும் கூடிய ‘கொங்கிரெஸுஸ்’ என்பதற்கு ஒன்றாக வந்து சேர்தல் என்று பொருள். முன்னேற்றத்தைக் குறிக்கும் ‘புரோகிரஸ்’ இதன் உடன்பிறப்பு. லத்தீனில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு: எதிரெதிரே வந்து மோதிக்கொள்வது. போர்க்களச் சந்திப்பும் அதே சொல்தான். பிறகு ஐரோப்பாவில் அரசர்களின் தூதர்கள் கூடிப் பேசும் மாநாட்டுக்கு அது பெயரானது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு எல்லைகளை வரைய 1814-15இல் கூடிய வியன்னா காங்கிரஸ் அந்த வகை.

அமெரிக்கர்கள் இந்தப் பெயரை எடுத்ததும் அந்தப் பொருளில்தான். 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 குடியேற்றங்களின் பேராளர்கள் கூடினார்கள் (ஜார்ஜியா வரவில்லை). தனித்தனி நாடுகளின் தூதர்கள்போலத்தான் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிரிட்டனின் ‘பார்லிமென்ட்’ என்ற பெயர் பொருந்தவும் இல்லை, அந்த நேரத்தில் யாருக்கும் பிடித்திருக்கவும் முடியாது. அப்படி மாநாட்டுக்கு வைத்த பெயர் 1787-இல் எழுதிய அரசியல் சட்டத்தில் நிரந்தர நாடாளுமன்றத்தின் பெயராகவே தங்கிவிட்டது.

இந்தியாவிலும் தொடக்கம் அதேதான். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடியது ஒரு மாநாடு. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடிக் கலைவார்கள். 1887-இல் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடினார்கள். அதனால்தான் பழைய எழுத்துகளில் ‘சென்னை காங்கிரஸ்’, ‘சூரத் காங்கிரஸ்’ என்று ஊர்ப்பெயரோடு வரும். ‘காங்கிரஸ் மகாசபை’ என்றும் எழுதினார்கள். 1907 சூரத் காங்கிரஸில் செருப்பு பறந்து நாற்காலிகள் உடைந்ததைப் படித்தால் லத்தீனின் அந்த இரண்டாவது பொருளும் உயிரோடுதான் இருந்தது என்று தோன்றும். மாநாடு மெல்ல மெல்ல இயக்கமாகி, இயக்கம் கட்சியானது. மாநாட்டின் பெயர் அங்கே நாடாளுமன்றத்துக்குப் போக, இங்கே கட்சிக்கு வந்துவிட்டது. இலங்கையில் 1944-இல் ஜி. ஜி. பொன்னம்பலம் தொடங்கிய தமிழ் காங்கிரஸும், மலேசியாவில் 1946-இல் பிறந்த இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் இந்தியப் பொருளையே எடுத்துக்கொண்டன. ம.இ.கா.வின் ‘கா’ காங்கிரஸ்தான்.

சரி, லிங்கனுக்கு வருவோம். மாநில சட்டமன்றத்திலிருந்து காங்கிரஸுக்குப் போனவர்களில் உலகமே அறிந்த பெயர் அவருடையது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தப் படியைக் குறிக்கிறது என்று பார்க்க அவர் வாழ்க்கை தோதானது.

1809-இல் கென்டக்கியில் ஒரு மரக்குடிலில் பிறந்தவர், 1831-இல் இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மாநில சட்டமன்றத்துக்கு நின்றார். 13 வேட்பாளர்களில் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் அவரை அறிந்த நியூ சேலம் சாவடியில் மட்டும் 300 ஓட்டில் 277 அவருக்கு விழுந்தன. 1834-இல் மறுபடி நின்று ஜெயித்தார். கடன் வாங்கித் துணி தைத்துக்கொண்டு அன்றைய தலைநகர் வண்டேலியாவுக்குப் போனார். அப்புறம் 1836, 1838, 1840 என்று தொடர்ந்து வெற்றி. இந்த எட்டாண்டுகளில்தான் சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆனார்.

நம் எம்.எல்.ஏ. என்பதைத்தான் இந்தப் பதவிக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். அமெரிக்க மாநிலங்களில் நெப்ராஸ்கா தவிர எல்லாவற்றுக்கும் இரண்டு அவை. கீழவை, அதன்மேல் மாநில செனட். பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும்: நியூயார்க்கில் கீழவைக்கு ‘அசெம்பிளி’, விர்ஜினியாவில் ‘ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்’. லிங்கனின் சங்கமன் மாவட்டத்திலிருந்து இரு அவைக்கும் சேர்த்துப் போன 9 பேரும் நெட்டையர்கள் என்பதால் ‘நெடிய ஒன்பதின்மர்’ என்று பெயர் வந்தது. அதில் 7 பேர் கீழவை, 2 பேர் மாநில செனட். தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற 1837-இல் சட்டமன்றத்தை முடிவெடுக்க வைத்ததே இவர்களின் பெரிய சாதனை. சாலை, கால்வாய், ரயில் என்று மாநிலம் பெருங்கடனில் மூழ்கியதற்கும் இவர்கள் போட்ட ஓட்டு ஒரு காரணம். அதே 1837-இல் லிங்கனும் டான் ஸ்டோன் என்ற இன்னொரு உறுப்பினரும் அடிமைமுறை அநீதி என்று எழுதி அவைக்குறிப்பில் பதிவு செய்தார்கள். அன்றைய இல்லினாயில் அது ஓட்டு வாங்கித் தரும் பேச்சு அல்ல.

1840 டிசம்பரில் நடந்தது இன்னும் சுவாரசியம். மாநில வங்கியைக் காப்பாற்ற அவையில் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் செய்ய வேண்டும் என்று விக் கட்சியின் திட்டம். கணக்கு தப்பிவிட்டது. கதவும் பூட்டியிருந்தது. லிங்கனும் கூட்டாளிகள் சிலரும் ஜன்னல் வழியே வெளியே குதித்தார்கள். அதற்குள் கோரம் எண்ணி முடித்தாயிற்று! வெளிநடப்பு நமக்குப் பழகிய சொல்தான். ஜன்னல் வழி வெளிநடப்புக்கு இன்னும் சொல் பிறக்கவில்லை.

அடுத்த படி காங்கிரஸ். 1843-இல் கட்சி சீட்டு ஜான் ஹார்டினுக்குப் போனது, அடுத்த முறை எட்வர்டு பேக்கருக்கு. ஆளுக்கொரு தவணை என்பது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. 1846-இல் முறை வந்ததும் பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரை எதிர்த்து லிங்கன் வென்றார். ஆகஸ்டில் ஜெயித்தவர் பதவியேற்றது 1847 டிசம்பரில். அன்றைய ஏற்பாடு அப்படி. இல்லினாயின் 7 பிரதிநிதிகளில் விக் கட்சிக்காரர் இவர் ஒருவர்தான்.

அந்த இரண்டு ஆண்டில் அவர் பெயர் அடிபட்டது மெக்சிகோ போரால். அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லித்தான் அதிபர் போல்க் போரைத் தொடங்கினார். எந்த இடத்தில், அந்த இடம் உண்மையில் யாருடைய மண் என்று காட்டுங்கள் என 1847 டிசம்பரில் லிங்கன் தீர்மானங்கள் கொண்டுவந்தார். எதிரிகள் ‘ஸ்பாட்டி லிங்கன்’ என்று கிண்டல் செய்தார்கள். ‘ஸ்பாட்’ என்றால் இடம், கறை இரண்டும்தான். தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை இழப்பீடு கொடுத்து ஒழிக்கவும் 1849-இல் ஒரு மசோதா தயாரித்தார். ஆதரவு கரைந்து போனதால் அதைத் தாக்கல் செய்யவே இல்லை. 1849 மார்ச்சில் தவணை முடிந்தது. அரசு நில அலுவலகத்தின் ஆணையர் பதவி கேட்டார், கிடைக்கவில்லை. ஆரிகன் பிரதேச ஆளுநராகப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டு ஊர் திரும்பி வக்கீல் தொழிலைப் பார்த்தார்.

ஆக, லிங்கன் காங்கிரஸ்மேனாக இருந்தது இரண்டே ஆண்டு. செனட்டராக ஒரு நாளும் இல்லை. 1854-இல் மறுபடி எம்.எல்.ஏ. ஆகத் தேர்வானார்; செனட் பதவிக்கு நிற்க அது தடை என்பதால் அந்த இடத்தை விட்டுவிட்டார். இரண்டு முறை செனட்டுக்கு முயன்று இரண்டும் கைகூடவில்லை. 1858-இல் ஸ்டீபன் டக்ளஸுடன் அவர் நடத்திய புகழ்பெற்ற விவாதங்களைக் கேட்டவர்கள் எவரும் நேராக இவருக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டமன்றம். நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிற மாதிரி. 1913-இல்தான் 17-ஆம் திருத்தம் அதை மக்களிடம் கொடுத்தது.

இனி தமிழ்ச் சொல். காங்கிரஸுக்குத் தனித்தமிழ் எழுத்தாளர்கள் வைத்த பெயர் பேராயம். ஆயம் என்றால் கூட்டம். தீர்ப்பாயத்தில் இருக்கிற ஆயம் இதுதான். சிலப்பதிகாரத்தில் ஐம்பெருங்குழுவோடு எண்பேராயமும் வருகிறது. அழகான சொல். ஆனால் அது அரசனைச் சூழ்ந்திருந்த குழு, மக்கள் தேர்ந்தெடுத்த அவை அல்ல. அதைவிடப் பெரிய இடைஞ்சல், பேராயர் என்றால் இன்று தமிழ் கிறிஸ்தவர்களுக்கு பிஷப். போதகர் கார்ட்ரைட்டைத் தோற்கடித்துப் பேராயத்துக்குப் போனார் லிங்கன் என்று எழுதினால் வாசகர் அவரைத் திருச்சபையில் தேடுவார்.

‘அமெரிக்க எம்.பி.’ என்று நாளிதழ்கள் எழுதுவது தலைப்புக்கு வசதி, சட்டென்று புரியும். குறை என்னவென்றால் நம் வழக்கில் மக்களவைக்காரரும் மாநிலங்களவைக்காரரும் எம்.பி.தான். காங்கிரஸ்மேன் ஓர் அவைக்கு மட்டும் உரியவர். ‘கீழவை உறுப்பினர்’ சரியான சொல்தான். 1790-களில் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தில் தற்செயலாகவோ என்னவோ செனட் மாடியிலும் இந்தச் சபை தரைத்தளத்திலும்தான் இருந்தன. ஆனாலும் மாநிலங்களிலும் கீழவை இருப்பதால் எந்தக் கீழவை என்ற கேள்வி எழும்.

என் தேர்வு ‘பிரதிநிதிகள் சபை உறுப்பினர்’. நீளம்தான், வடசொல்லும் இருக்கிறது. ஆனால் குழப்பம் இல்லை, அரசியல் சட்டம் சொல்லும் பெயரோடும் ஒட்டுகிறது. பிரதிநிதி வேண்டாம் என்பவர்கள் ‘பேராளர் அவை’ என்று எழுதலாம். மாநாட்டுப் பேராளர் என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு. இன்னொரு நன்மை, உறுப்பினர் என்பதில் ஆண் பெண் பேதமில்லை. மொன்டானாவிலிருந்து ஜெனட் ரேங்கின் 1917-இல் முதல் பெண்ணாக உள்ளே நுழைந்தபோது ஆங்கிலத்துக்கு ‘காங்கிரஸ்வுமன்’ என்று தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழில் அந்த வேலையே இல்லை.

இன்றைய செய்திகளில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், 2015 தொடங்கி வாஷிங்டன் மாநில செனட்டர். 2017 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். செனட்டராக இருந்தவர் கீழிறங்கிப் பிரதிநிதி ஆனார் என்று யாராவது எழுதினால், அது ‘மாநில’ என்ற சொல்லை விட்டதால் வந்த வினை. சுஹாஸ் சுப்பிரமணியம் மூன்று படியும் ஏறியவர்: 2020-இல் விர்ஜினியா கீழவை, 2024-இல் அதே மாநிலத்தின் செனட், 2025-இல் பிரதிநிதிகள் சபை. ஒபாமா இல்லினாய் மாநில செனட்டராக இருந்துகொண்டே 2000-இல் பிரதிநிதிகள் சபைக்கு முயன்றார். உட்கட்சித் தேர்தலில் பாபி ரஷ்ஷிடம் தோற்றார். 2005-இல் நேராக அமெரிக்க செனட்டுக்குப் போய்விட்டார். அதனால் அவரை ‘முன்னாள் காங்கிரஸ்மேன்’ என்று எழுதக் கூடாது. ‘முன்னாள் செனட்டர்’ என்று எழுதலாம்.