ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டாயிற்றா?

இரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிய நிலையில் ஒரு சர்க்கரை நோயாளியைத் தூக்கி வந்தால், வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இன்சுலின் எத்தனை மணிக்குப் போட்டார்கள்? எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள்?" ஊசி போட்டுவிட்டு நேரத்தில் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மன்னார்குடிப் பக்கம் மருத்துவம் பார்க்கும் நான், அண்மைக்காலமாக இந்த இரண்டுக்கும் நடுவில் கைப்பேசியில் ஓடும் சீரியல் புகுந்திருப்பதைக் காண்கிறேன்.

சீரியல் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. பகலெல்லாம் நடவு வயலில் குனிந்து நின்ற பெண்ணுக்கு, தனக்கென்று கிடைத்த நேரம் அதுதான். அமெரிக்காவில் 1930களில் சோப்பு நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் வானொலியில் வளர்ந்த கதை வடிவம் இது. அங்கே 1937இல் வானொலியில் தொடங்கிப் பிறகு தொலைக்காட்சிக்குப் போன ‘கைடிங் லைட்’ 2009இல்தான் நின்றது. நம் டெல்டாவிலோ, 1980களில் வேதாரண்யம் கடலோரத்தில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினியைப் பிடித்தார்கள். 1993இல் சன் டிவி வந்தது, 1999 இறுதியில் ‘சித்தி’ வந்தது. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியது. 2006இலிருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் கூரை வீடுகளுக்குள்ளும் சீரியல் நுழைந்தது.

அந்த நாட்களில் இரவு மாத்திரை எப்போது என்று கேட்டால், மணி சொல்லமாட்டார்கள். சீரியல் பெயரைச் சொல்வார்கள். ஊசி, சாப்பாடு, பாய் விரிப்பது எல்லாமே ஒளிபரப்பு நேரத்தை ஒட்டியே நடந்தன. எனக்கும் அது வசதியாக இருந்தது. இந்தத் தொடர் தொடங்கும்போது ஊசி, முடிந்ததும் சாப்பாடு என்று சொன்னால் போதும், தவறாது. கூடத்தில் மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருப்பார்கள். ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் மற்றவர் கண்ணில் படும்.

2016க்குப் பிறகு டேட்டா மலிந்தது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று பழைய தொடர்களே மறுபடி ஓடின. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், வகுப்புகள் முடிந்த பிறகு பாட்டி கைக்குப் போனது. சீரியல்கள் இன்றும் ஓடுகின்றன. கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதுதான் தேய்ந்துவிட்டது. போனில் ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்குகிறது. எழுந்து போ என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்றும் போட்டுக்கொண்டு, உள்ளறையில் போனுடன் படுத்தார். "இந்த ஒன்று முடியட்டும்" என்று மருமகளிடம் சொன்னாராம். வெகுநேரம் கழித்து அவர் கணவர் உள்ளே போனபோது புடவை நனைந்திருந்தது; போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்றே முதலில் நினைத்திருக்கிறார். இங்கே கொண்டுவந்தபோது சர்க்கரை 46க்குத் தாழ்ந்திருந்தது. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம். நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

எனவே, சோறும் குழம்பும் தயாரான பிறகே ஊசியைக் கையில் எடுங்கள். ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் எத்தனை நிமிடம் என்பது இன்சுலினுக்கு இன்சுலின் மாறும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஊசி போட்டதிலிருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை போன் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் கருவியில் சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருக்காவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, சரியானதும் சாப்பிட வையுங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். பிழைத்து எழுந்த மறுநாள், பயந்துபோய் இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாமல், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.