நீலக் குச்சிப்பூச்சி வாங்குமுன் கூண்டின் உயரத்தை அளந்துவிடுங்கள்

வழக்கத்துக்கு மாறான செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கிறவன் நான், பூச்சிகளும் வரும். அக்ரியோப்டெரா என்ற குச்சிப்பூச்சிப் பேரினத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண் பூச்சியின் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள்தான். வடக்கு மடகாஸ்கரின் காடுகளைச் சேர்ந்த அக்ரியோப்டெரா மங்கா ஆண் அப்படியொரு பளீர் நீலம். பெண்ணும் குஞ்சுகளும் பழுப்பு. ஆணுக்கும் இனப்பெருக்க வயது வரும்போதுதான் நீலம் ஏறும். "ஏமாற்றிவிட்டார்கள் டாக்டர், நிறமே இல்லை" என்று குஞ்சோடு வருபவர்களிடம் பொறுங்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

ஆனால் என்னிடம் உண்மையான பிரச்சினையோடு வரும் பூச்சிகளில் பெரும்பாலானவை தோலுரிக்கும்போது கீழே விழுந்தவை. குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் பழைய தோலிலிருந்து வெளியே வரும், உடல் எடையே அதைக் கீழே இழுத்துக்கொடுக்கும், அதற்குக் கீழே இடம் இல்லையென்றால் இன்னும் இறுகாத கால்கள் தரையில் பட்டு வளைந்து, அந்த வளைவிலேயே கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் நிமிர்த்த முடியாது. பூச்சியின் முழு வளர்ச்சி நீளத்தைப்போல மூன்று மடங்காவது கூண்டின் உயரம் இருக்கட்டும். 2019-இல் மங்காவோடு சேர்த்துப் புதிய இனமாக விவரிக்கப்பட்ட அக்ரியோப்டெரா மரோலோகோ பெண் 24 செ.மீ. வரை வளரும், அதாவது 72 செ.மீ. உயரம் வேண்டும். குஞ்சின் அளவைப் பார்த்துக் கூண்டு வாங்காதீர்கள். பிடித்துத் தொங்க மேலே வலை இருப்பது நல்லது. வழவழப்பான கண்ணாடி மூடி வேண்டாம்.

ஈரப்பதம் குறைந்தாலும் தோல் ஒட்டிக்கொள்ளும். இலைகள் மீது தண்ணீர் தெளியுங்கள், ஆனால் கூண்டு காற்றோட்டமில்லாமல் புழுங்கக்கூடாது. பூச்சிமருந்து பட்ட இலைகளைக் கொடுத்தால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வேண்டாத முட்டைகளை உறையவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். உயிருள்ளவற்றை வெளியே விடவே விடாதீர்கள்.

தோலுரிக்கும் பூச்சியைப் பாதியில் பார்த்தால், தயவுசெய்து கைவைக்காதீர்கள். உதவுகிறேன் என்று இழுத்தால் கால்தான் கையோடு வரும். கழற்றிய தோலை அதுவே தின்றுவிடுவதும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. நேரம் கடந்தும் ஒரு கால் மட்டும் சிக்கியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் அந்த இடத்தை ஈரமாக்குங்கள், அவ்வளவு போதும். கால் போனாலும் குஞ்சுக்கு அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும், முதலில் குட்டையாகத்தான் இருக்கும். முழு வளர்ச்சி அடைந்தது இனித் தோலுரிக்காது என்பதால் அதற்கு முளைக்காது. ஆனாலும் கிளையைப் பற்றிக்கொண்டு இலை தின்கிறது என்றால் என்னிடம் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை.